ஹவாய்ல ஒரு செத்த காலேஜ்

ஹவாய்னு சொன்னதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? நீலக்கடல், கழுத்துல பூமாலை, பூப்போட்ட சட்டை, இடுப்பை அசைச்சு ஆடற ஹூலா. அதையெல்லாம் தள்ளி வெச்சுட்டு, ஹோனலூலுவுல ஒரு முழு நாளை மியூசியத்துக்கு ஒதுக்கணும்னு சொன்னேன். "இவ்ளோ தூரம் ஃப்ளைட் ஏறி வந்து செத்த காலேஜா?"ன்னாங்க தங்கமணி.

மெட்ராஸ்காரங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். அந்தக் கால மெட்ராஸ்ல எழும்பூர் மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்'னு பேரு, மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'னு பேரு. பஞ்சு அடைச்சு நிறுத்தி வெச்சிருந்தா செத்த காலேஜ், உசுரோட உலாத்துனா உயிர் காலேஜ். அம்புட்டுதான். மியூசியம்னா என்ன, அது எதுக்குன்னு அறிஞருங்க பக்கம் பக்கமா எழுதறதை ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டாங்க நம்மாளுங்க.

நாங்க போனது பிஷப் மியூசியம். ஹவாய் மாநிலத்தோட இயற்கை மற்றும் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகம்னு 1988ல சட்டப்படியே அறிவிக்கப்பட்ட இடம். வளாகத்துக்குள்ளேயே ஒரு கோளரங்கமும் இருக்கு. பல ஊர்ல மியூசியம் பக்கத்துல கோளரங்கம் இருக்கறது பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டியாந்து சனி கிரகத்தோட வளையத்தைக் காட்டத்தான். இங்க இருக்கற கோளரங்கத்துக்கு அதைவிடப் பெரிய கதை ஒண்ணு இருக்கு. ஒரு செத்த காலேஜ் பாதி உயிர் காலேஜா மாறின கதை. கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

சிம்மாசனம் வேண்டாம்னு சொன்ன இளவரசி

கேப்டன் குக் 1778ல ஹவாய்க்கு வந்தப்போ அங்க லட்சக்கணக்குல ஜனங்க இருந்தாங்க. சரியான எண்ணிக்கை பத்தி இன்னமும் ஆராய்ச்சியாளருங்க சண்டை போட்டுக்கறாங்க. ஆனா அதுக்கப்புறம் நடந்ததைப் பத்தி சண்டையே இல்லை. அம்மை, தட்டம்மை, மேகநோய்னு கப்பல்ல வந்த வியாதிங்க தீவுகளை வழிச்சுத் துடைச்சுட்டுப் போச்சு. 1896 கணக்கெடுப்புல பாதி ரத்தம், கால் ரத்தம் உள்ளவங்களையும் சேர்த்து மிஞ்சின பூர்வகுடி ஹவாயியர்கள் கிட்டத்தட்ட 40,000 பேர்தான்.

இந்தச் சரிவுக்கு நடுவுல 1831ல பொறந்தவங்க பெர்னீஸ் பவ்வாஹி. தீவுகளையெல்லாம் ஒரே குடைக்குக் கீழ கொண்டுவந்த முதலாம் கமேஹமேஹா ராஜாவோட கொள்ளுப்பேத்தி. நியூயார்க் பக்கத்துல இருந்து பொழைக்க வந்த சார்லஸ் ரீட் பிஷப்புங்கறவரை 1850ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவரு பின்னால பேங்க் ஆரம்பிச்சுப் பெரிய ஆளானார். 1872ல ஐந்தாம் கமேஹமேஹா சாகற தறுவாயில பவ்வாஹியைக் கூப்பிட்டு, "நீதான் அடுத்த ராணி"ங்கற மாதிரி சொல்லியிருக்கார். அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க!

சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வாரிசு இல்லாம சாகச் சாக, அவங்க நிலமும் குலதனமும் பவ்வாஹிகிட்ட வந்து சேர்ந்துச்சு. 1884ல அவங்களும் போயிட்டாங்க. குழந்தை கிடையாது. நிலத்தையெல்லாம் ஹவாய்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட எழுதி வெச்சாங்க. அதுதான் இன்னைக்கும் நடக்கற கமேஹமேஹா பள்ளிகள். இறகு அங்கி, கிண்ணம், பாய், ஆயுதம்னு வீடு நிறைய மிச்சமிருந்த அரச குடும்பத்துப் பொருளுக்காக, மனைவி ஞாபகமா புருஷன் 1889ல ஆரம்பிச்சதுதான் இந்த மியூசியம்.

நாலு வருஷம் கழிச்சு, 1893ல, அமெரிக்க வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து லிலியுவோகலானி ராணியைக் கவிழ்த்தாங்க. அமெரிக்கப் போர்க்கப்பல்ல இருந்து வீரருங்க கரையில இறங்கி நின்னாங்க. 1896ல பள்ளிக்கூடத்துல ஹவாய் மொழியில பாடம் நடத்தறதுக்கு முடிவு கட்டுனாங்க. 1898ல நாடே அமெரிக்காவோட இணைக்கப்பட்டுச்சு.

இந்தத் தேதிகளை வரிசையா மனசுல வெச்சுக்கிட்டு மியூசியத்தோட பிரதான மண்டபத்துக்குள்ள நுழைஞ்சீங்கன்னா வேற மாதிரி தெரியும். எரிமலைக் கல்லால கட்டின கட்டடம், 1903ல திறந்தது. நடுவுல மூணு மாடி உயரத்துக்கு வெற்றிடம், சுத்தி கோஆ மரத்துல இழைச்ச காட்சிப்பெட்டிகள். கோஆங்கறது நம்ம வேலமர இனம், ஆனா பளபளப்பு ரோஸ்வுட்டுக்குச் சவால் விடும். ஒரு நாட்டோட சாமான் செட்டெல்லாம் அந்த நாடு செத்துக்கிட்டிருந்தப்பவே பூட்டி வைக்கப்பட்ட இடம் அது.

ஒரு அங்கியும் ஒரு பறவையும்

மண்டபத்துல தலைக்கு மேல 50 அடிக்கு மேல நீளமான திமிங்கலம் ஒண்ணு தொங்குது. ஒரு பக்கத்துல இருந்து பார்த்தா காகிதக் கூழால தோல் போர்த்தின முழுத் திமிங்கலம். சுத்திப் போய் அந்தப் பக்கம் பார்த்தா வெறும் எலும்புக்கூடு. கீழ ஒரு புல் வீடு. மாடிகளை ஹவாய்க்காரங்க உலகத்தைப் பார்க்கற மாதிரியே அடுக்கியிருக்காங்க. கீழ கடலும் தெய்வங்களும் ஆதிகாலமும், நடுவுல மனுஷங்க உழைச்சு வாழற நிலம், மேல தேவர்களும் அரசர்களும்.

இயற்கை வரலாறையும் பண்பாட்டு வரலாறையும் ஏன் ஒரே மியூசியத்துல வெச்சாங்கங்கற கேள்விக்குப் பதில் இந்த மண்டபத்துல ஒரே ஒரு பொருள்ல இருக்கு. கமேஹமேஹாவோட மஞ்சள் இறகு அங்கி. நார்ல வலை பின்னி, அதுல சின்னச் சின்ன மஞ்சள் இறகை ஒவ்வொண்ணாக் கட்டியிருக்காங்க. சுமார் 4.5 லட்சம் இறகு, 80,000 பறவைங்கன்னு கணக்கு சொல்றாங்க. அந்தப் பறவைக்குப் பேரு மமோ. உடம்பெல்லாம் கருப்பு, வால் பக்கம் மட்டும் கொஞ்சூண்டு மஞ்சள்.

மமோவை உசுரோட பார்க்க முடியாதுங்க. 19ம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இனமே அழிஞ்சு போச்சு. காட்டை அழிச்சாங்க, எலி வந்துச்சு. 1820கள்ல கப்பல் தண்ணியோட கொசு வந்து இறங்குச்சு, அதோட பறவை மலேரியாவும் பரவுச்சு. இன்னொரு இறகுப் பறவை 'ஓஓ'. அதோட இனத்துல கடைசி வகையைக் காட்டுல கேட்டது 1987ல. அதுக்கப்புறம் சத்தமே இல்லை.

ஆக, அந்த அங்கி ராஜா போட்ட துணி மட்டும் இல்லை. அழிஞ்சு போன ஒரு பறவையோட மிச்சமும் அதுதான். பறவையியல் ஆளுக்கும் மானிடவியல் ஆளுக்கும் ஒரே பெட்டி முன்னாடி நிக்க வேண்டிய வேலை இருக்கு. ஹவாய்க்காரங்களோட சிருஷ்டிப் பாட்டு 'குமுலிப்போ'லயும் இப்படித்தான். முதல்ல பவளப்பூச்சி, அப்புறம் சிப்பி, மீன், பறவைன்னு வரிசையா பொறந்து வந்து, அதே வம்சாவளியில கடைசியா மனுஷன் வர்றான். இயற்கை வேற, பண்பாடு வேறன்னு பிரிச்சது நாமதான்.

உள்ள காட்சிக்கு வெச்சிருக்கறது கையளவு. சேகரிப்புல மொத்தம் 2 கோடிக்கும் மேல இருக்காம். அதுல பாதிக்கு மேல பூச்சிங்க!

மிதந்து வந்தவங்களா, தேடி வந்தவங்களா?

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். உலக உருண்டையில ஹவாய் எங்க இருக்குன்னு பாருங்க. எந்தக் கண்டத்துக்குப் போகணும்னாலும் 3,000 கிலோமீட்டருக்கு மேல கடலைத் தாண்டணும். அங்க முதல் மனுஷங்க கி.பி. 1000த்தை ஒட்டியோ அதுக்குக் கொஞ்சம் பிறகோ வந்து குடியேறினாங்கங்கறது இன்னைக்குப் பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களோட கருத்து. எப்படி வந்தாங்க? கையில இரும்பு இல்லை, திசைகாட்டி இல்லை, எழுத்து இல்லை.

குக்குக்கே இந்தச் சந்தேகம் வந்துச்சு. டஹிட்டியில கேட்ட மொழியோட சாயலை அங்கிருந்து 4,000 கிலோமீட்டர் வடக்கே ஹவாயிலயும் கேட்டு அசந்துட்டார். படகுக்கு டஹிட்டியில வாஅ, ஹவாயில வாஅ, நியூசிலாந்து மாவோரியில வாக்கா. சின்னச் சின்ன ஒலி மாத்தத்தோட ஒரே சொல் பாதி பூமியைச் சுத்தி வந்திருக்கு.

20ம் நூற்றாண்டுல என்னாச்சுன்னா, இவங்க தேடி வந்திருக்கவே முடியாதுன்னு சிலர் அடிச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. 1947ல தோர் ஹெயர்டால் 'கோன்-டிக்கி'ங்கற கட்டைத் தெப்பத்துல பெருவுல இருந்து கிளம்பி, 101 நாள் மிதந்து ஒரு பாலினீசியத் தீவுல மோதினார். தென்னமெரிக்காவுல இருந்து நீரோட்டத்தோட மிதந்து வந்தவங்கதான் இவங்கன்னு அவர் கட்சி. 1950கள்ல நியூசிலாந்து வரலாற்றாளர் ஆண்ட்ரூ ஷார்ப் வேற ஒண்ணு சொன்னார். கருவியே இல்லாம இவ்வளவு தூரம் திட்டம் போட்டுப் போய்த் திரும்ப முடியாது, புயல்ல சிக்கி வழி தவறின படகுங்கதான் தற்செயலா தீவுகள்ல ஒதுங்குச்சுன்னார்.

யோசிச்சுப் பாருங்க. நிலம் போச்சு, ராணி போச்சு, பள்ளிக்கூடத்துல மொழி போச்சு. கடைசியில "உங்க முன்னோர்கள் வழி தெரியாம வந்து ஒதுங்கினவங்க"ன்னும் சொல்லியாச்சு. ஒரு ஜனத்துக்கு இதைவிட என்ன வேணும்?

பிஷப் மியூசியத்து ஆளுங்க இதுல சும்மா இருக்கலை. 1936ல இருந்து 1951 வரைக்கும் அதோட இயக்குநரா இருந்தவர் பீட்டர் பக். மாவோரிப் பேரு தே ரங்கி ஹிரோவா. டாக்டரா இருந்து மானிடவியலுக்கு வந்தவர். பாலினீசியர்கள் பெரிய மாலுமிகள்னு தன் ஜனத்தைப் பத்தி அவரே புத்தகம் எழுதினார். மியூசியத்தோட கென்னத் எமரி ஓவாஹு தீவுல ஒரு பாறைக் குடைவுல தோண்டியெடுத்த கரியை ரேடியோ கார்பன் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்துச்சு. பாலினீசியாவுக்கே அதுதான் முதல் கார்பன் தேதி. எமரியும், ஜப்பான்ல இருந்து வந்து சேர்ந்த யோசிஹிகோ சினோத்தோவும் எலும்புல செஞ்ச தூண்டில் முள்ளுங்களை வகை பிரிச்சு, எந்தத் தீவுக்கும் எந்தத் தீவுக்கும் உறவுன்னு துப்பு துலக்கினாங்க. பானை ஓடு கிடைக்காத ஊர்ல தூண்டில் முள்ளுதான் நம்ம கறுப்பு சிவப்புப் பானை மாதிரி! 1970கள்ல சினோத்தோ ஹுவாஹினே தீவுச் சேத்துக்குள்ள இருந்து பெரிய பயணப் படகு ஒண்ணோட பலகைகளையும் திருப்புத் துடுப்பையும் கண்டெடுத்தார்.

இதெல்லாம் நல்ல ஆதாரந்தான். ஆனா படகு இருந்துச்சுன்னு காட்டலாம், உறவு இருந்துச்சுன்னு காட்டலாம். வழி கண்டுபிடிக்கற அறிவு இருந்துச்சுன்னு காட்சிப்பெட்டியில வெச்சுக் காட்ட முடியாது. அது ஆளோட தலைக்குள்ள இருந்த விஷயம். ஹவாயில அந்தத் தலைங்க எல்லாமே மண்ணுக்குள்ள போயாச்சு.

ஒரு படகு, ஒரு பெரியவர்

1973ல மானிடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, படகுக்காரர் டாமி ஹோம்ஸ் மூணு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. வாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை, ஓட்டியே காட்டிடுவோம்னு முடிவு. ரெண்டு அடிப்பகுதியை இணைச்ச பழைய மாதிரிப் படகு ஒண்ணைக் கட்டி 1975ல கடல்ல இறக்கினாங்க. சுமார் 19 மீட்டர் நீளம். பேரு ஹோகூலேஆ.

இந்த மாதிரி இரட்டைப் படகுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்றாங்க தெரியுமா? கேட்டமரான். நம்ம கட்டுமரந்தான்! நம்ம கட்டுமரத்துல ரெண்டு படகெல்லாம் கிடையாது, மரத்தை வரிசையா வெச்சுக் கட்டறது. சோழமண்டலக் கரையில வெள்ளைக்காரன் கேட்ட வார்த்தை, எங்கெங்கயோ சுத்தி பசிபிக் படகு மேல போய் ஒட்டிக்கிச்சு.

ஹோகூலேஆங்கறது ஒரு நட்சத்திரத்தோட பேரு. மகிழ்ச்சி நட்சத்திரம்னு அர்த்தம். நம்ம சுவாதி! சுவாதியில பெய்யற மழைத்துளி சிப்பிக்குள்ள விழுந்தா முத்தாகும்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. ஹவாய்க்காரங்களுக்கும் அது விசேஷம், ஏன்னா அந்தத் தீவுகளுக்கு நேர் உச்சியில கடக்கற நட்சத்திரம் அதுதான். தெற்கே இருந்து வர்றவன் தலைக்கு மேல சுவாதி வந்துச்சுன்னா, வீட்டு அட்சரேகைக்கு வந்துட்டான்னு அர்த்தம்.

படகு ரெடி, வழி சொல்ல ஆள் இல்லை. கடைசியில மைக்ரோனீசியாவுல இருக்கற சத்தவால் தீவுல இருந்து மாவ் பியைலுக்குங்கறவர் வந்தார். ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூட தேறாத தீவு. சின்னப் பிள்ளையா இருந்தப்பவே தாத்தாகிட்ட இருந்து நட்சத்திரமும் அலையும் கத்துக்கிட்டவர். வெளியாளுக்குச் சொல்லித்தரக் கூடாதுங்கறது அவங்க வழக்கம். ஆனா சொந்த ஊர்ப் பசங்களுக்கே இதுல ஆர்வம் குறைஞ்சுக்கிட்டு வந்ததைப் பார்த்துட்டு அவர் அந்த வழக்கத்தை மீறினார்.

1976 மே 1ம் தேதி மாவி தீவுல இருந்து கிளம்பி, ஜூன் 4ம் தேதி டஹிட்டி போய்ச் சேர்ந்தாங்க. வரைபடம் இல்லை, திசைகாட்டி இல்லை, கடிகாரம் இல்லை. கரையில 17,000 பேர் கூடி நின்னாங்களாம். ஷார்ப் சொன்னதுக்குப் பதில் கிடைச்சாச்சு.

ஆனா வழி சொன்னது மைக்ரோனீசியாக்காரர். ஹவாய்க்காரங்க படகு கட்டினாங்க, ஓட்டினாங்க. வழி இன்னும் அவங்களுக்குத் தெரியாது.

இருட்டு அறையில கிடைச்ச வழி

டஹிட்டியில இருந்து திரும்பி வந்த படகுல ஒரு இளைஞர் இருந்தார். நைனோவா தாம்ப்சன். 23 வயசு. இதை எப்படியாவது கத்துக்கணும்னு அவருக்கு வெறி புடிச்சுக்கிச்சு. பாட்டன் பூட்டன் யாரும் சொல்லிக்குடுக்க இல்லை. மாவ் அப்போ ஊருக்குத் திரும்பிப் போயாச்சு. எங்க போவார்?

பிஷப் மியூசியத்துக்குப் போனார். சரியாச் சொன்னா, 1961ல திறந்த கோளரங்கத்துக்கு.

அங்க விரிவுரையாளரா இருந்தவர் வில் கைசெல்கா. இளைஞர் ஒவ்வொண்ணாக் கேட்கக் கேட்க, இவர் வானத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கார். கோளரங்கத்தோட வசதி என்னன்னா, நீங்க நினைச்ச ஊர் வானத்தை நினைச்ச தேதிக்குக் கொண்டு வரலாம். ஹவாய் வானத்தைப் போட்டுட்டு, மெல்ல மெல்ல தெற்கே நகர்த்தலாம். துருவ நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ இறங்கி, நடுக்கோட்டுகிட்ட மறைஞ்சே போகும். தென் சிலுவை எழுந்து மேல வரும். கடல்ல ஒரு மாசம் ஆகற பயணத்தை அரை மணி நேரத்துல ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கலைன்னா திருப்பி ஓட்டலாம். பழைய காலத்துல தலைமுறை தலைமுறையாச் சேர்த்த கவனிப்பை, ஒரு மனுஷன் சில வருஷத்துல திரும்பக் கட்டறதுக்கு இதைவிட வேற வழி கிடையாது.

ஒரு உதாரணம் சொன்னா புரியும். சிரியஸ் நமக்குத் தெரியும், வானத்துலயே பிரகாசமான நட்சத்திரம். பொல்லக்ஸ் நம்ம புனர்பூசத்துல ஒண்ணு. ஹவாயில நின்னு பார்த்தா சிரியஸ் முதல்ல மறையும், அதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கும் மேல கழிச்சுத்தான் பொல்லக்ஸ் மறையும். தெற்கே போகப் போக அந்த இடைவெளி சுருங்கிக்கிட்டே வரும். டஹிட்டியோட அட்சரேகைக்கு வந்துட்டீங்கன்னா ரெண்டும் ஒரே நேரத்துல கடலுக்குள்ள இறங்கும். இன்னும் தெற்கே போயிட்டா முறை மாறிடும், பொல்லக்ஸ் முதல்ல.

கடிகாரம் வேண்டாம், கருவி வேண்டாம். ரெண்டு புள்ளி ஒண்ணா மறையுதான்னு பார்த்தாப் போதும். டஹிட்டி அட்சரேகையில இருக்கோம்னு வானமே சொல்லிடும்! இந்த மாதிரி ஜோடிகளை அவர் தேடிப் பிடிச்சது அந்த இருட்டு அறையிலதான்.

திரும்பி வர்றதுக்கும் ஒரு அடையாளம் உண்டு. தென் சிலுவை நிமிர்ந்து நிக்கும்போது மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் நடுவுல 6 பாகை இருக்கும். ஹவாய்கிட்ட வந்ததும், கீழ் நட்சத்திரத்துக்கும் கடல் விளிம்புக்கும் நடுவுலயும் அதே 6 பாகை. அதாவது சிலுவை தன் உயரம் அளவுக்கு கடலுக்கு மேல நிக்கும். கையை நீட்டி விரலை வெச்சு அளந்துடலாம்.

வானம் மட்டும் போதாது. 1978ல ஹோகூலேஆ மறுபடி டஹிட்டிக்குக் கிளம்பி, முதல் ராத்திரியே கொந்தளிப்புல கவிழ்ந்துச்சு. எட்டி ஐக்காவுங்கற புகழ்பெற்ற அலைச்சறுக்கு வீரர், உதவி கொண்டு வரேன்னு தன் பலகையில ஏறித் துடுப்புப் போட்டுக்கிட்டுப் போனார். மத்தவங்களைக் காப்பாத்திட்டாங்க. அவர் கிடைக்கவே இல்லை.

அதுக்கப்புறம் நைனோவா மாவைத் தேடிப் போய்க் கூப்பிட்டார். மாவ் வந்தார். அலை எந்தப் பக்கத்துல இருந்து வந்து படகைத் தூக்குதுன்னு உடம்பால உணர்றது, விடியல் வானத்தை வெச்சு அன்னைக்குக் காத்தைச் சொல்றது, சாயங்காலம் கரைக்குத் திரும்பற பறவையைத் தொடர்றது. இதெல்லாம் எந்தக் கோளரங்கத்துலயும் கிடைக்காத பாடம். 1980ல நைனோவா ஹவாய்ல இருந்து டஹிட்டிக்குப் போய், திரும்பியும் வந்தார். கருவி இல்லாம. மாவ் கூடவே படகுல இருந்தார், ஆனா வழி சொல்லலை. நூற்றாண்டுகளுக்கு அப்புறம் கடல் வழி கண்டுபிடிச்ச முதல் ஹவாய்க்காரர் நைனோவா. இந்தக் கதையை கைசெல்காவே பின்னால ஒரு புத்தகமா எழுதினார்.

அந்தக் கோளரங்கத்துல உக்காந்து அண்ணாந்து பார்த்தப்போ எனக்கு இதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. தூண்டில் முள்ளும் துடுப்பும் இருந்தது மண்டபத்துல. ஆனா ஹவாய்க்காரங்களுக்கு வழி திரும்பக் கிடைச்சது இந்த மொட்டை அறையில. ஆச்சரியம் என்னன்னா, அந்த அறை பழசைப் பாதுகாக்க கட்டினது இல்லை. கேட்கறவனுக்குப் பொறுமையா வானத்தைத் திருப்பிக் காட்ட ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

கொசுறு: கோளரங்கத்தோட பேர்ல ஒரு இந்தியர் இருக்கார்! ஜம்னாதாஸ் இல்லைங்க, ஜாம்ன்தாஸ் வாத்துமல். சிந்து மாகாணத்து ஹைதராபாத்ல இருந்து போய் ஹோனலூலுவுல கடை வெச்சவர். பூப்போட்ட ஹவாய்ச் சட்டை வியாபாரத்துல அந்தக் குடும்பம் பெரிய கை.

வெச்சிருக்கறதா, திருப்பித் தர்றதா?

எல்லாம் சுபம்னு முடிச்சுட முடியாது. மியூசியத்துல இருக்கற பொருள் யாருக்குச் சொந்தம்ங்கற சண்டை இங்கயும் நடந்திருக்கு. 1905ல ஒரு குகையில இருந்து எடுத்து வந்த 83 பொருளை, 2000ல ஒரு பூர்வகுடி அமைப்புகிட்ட இரவலாக் குடுத்தாங்க. அவங்க அதைக் கொண்டுபோய்த் திரும்பக் குகையில வெச்சு மூடிட்டாங்க. முன்னோர்களோட இருக்க வேண்டியதுங்கறது அவங்க நியாயம். எங்களையும் கேட்டிருக்கணும்னு வேற ஹவாய் அமைப்புகள் கோர்ட்டுக்குப் போச்சு. வழக்கு, சிறைன்னு போய், 2006ல பொருளெல்லாம் வெளிய எடுக்கப்பட்டுச்சு. ரெண்டு பக்கமும் ஹவாய்க்காரங்கதான். யார் சரின்னு வெளியூர்க்காரன் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்த கதையும் உண்டு. 1779 ஜனவரி 26ம் தேதி கலானியோபூங்கற ஹவாய் அரசர், தான் போட்டிருந்த சிவப்பு மஞ்சள் இறகு அங்கியைக் கழட்டி கேப்டன் குக் தோள்ல போர்த்தினார். மூணு வாரத்துக்குள்ள அதே விரிகுடாவுல நடந்த சண்டையில குக் செத்துப் போனார். அங்கி இங்கிலாந்து போய், கை மாறி மாறி, 1912ல நியூசிலாந்து மியூசியத்துக்குப் போச்சு. 2016ல பிஷப் மியூசியத்துக்கு இரவலா வந்துச்சு. 2020ல இனி இது உங்களோடதுன்னு நிரந்தரமாவே குடுத்துட்டாங்க. 237 வருஷம் கழிச்சு ஒரு சட்டை வீடு திரும்பியிருக்கு.

மொழியும் கொஞ்சம் திரும்புது. மியூசியத்துல வேலை பார்த்த மேரி கவேனா புகுயி அம்மா, சாமுவேல் எல்பர்ட்டோட சேர்ந்து 1957ல வெளியிட்ட அகராதிதான் இன்னைக்கும் ஹவாய் மொழி படிக்கறவங்களுக்குக் கைவிளக்கு. 1978ல ஹவாய் மொழி மாநிலத்தோட ஆட்சிமொழிகள்ல ஒண்ணாச்சு. ஹோகூலேஆ 2014ல இருந்து 2017 வரைக்கும் உலகத்தையே சுத்தி வந்துச்சு, நம்ம இந்துமாக்கடல் வழியாவும்தான். மாவ் பியைலுக் 2010ல காலமானார். ஆனா அவர்கிட்ட கத்துக்கிட்டவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க இப்போ வழி சொல்றாங்க.

இதைப் படிக்கற உங்கள்ல கடற்கரை ஊர்க்காரங்க இருப்பீங்க. தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு. ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி நட்சத்திரம் பார்த்துக் கரை சேர்ந்த தாத்தாக்கள் இன்னும் சிலர் இருப்பாங்க. எந்த மீனுக்கு என்ன பேரு, எது எழும்பினா வலை போடுவாங்க, எது சாஞ்சா கிளம்புவாங்கன்னு கேட்டு எழுதி வெச்சுடுங்க. எழுதத் தெரியலைன்னா பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. சென்னையில இருக்கறவங்களுக்கு இன்னொரு யோசனை. கோட்டூர்புரத்துல கோளரங்கம் இருக்கு, நொச்சிக்குப்பம் அங்கிருந்து ஆட்டோ தூரந்தான். ஒரு பெரியவரைக் கூட்டிட்டுப் போய் நடு நாற்காலியில உக்கார வெச்சு, வங்கக்கடல் வானத்தைப் போட்டு, "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு தாத்தா?"ன்னு யாராவது கேளுங்களேன்.